கேசட்டைப் போடுவதற்கு முன்னால் பெட்டியைத் துடைப்போம்

(ஊராட்சி அளவிலான கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம். வர முடியாத குழுத் தோழிகளுக்காக இங்கே தருகிறோம்.)



போன கூட்டத்தில் நாம் ஒரு தீர்மானம் போட்டோம். ஒவ்வொரு குழுவிலும் யார் வீட்டிலாவது பரண் மேலே, பீரோவுக்கு அடியிலே கிடக்கிற பழைய கேசட்டுகளைத் தேடி எடுப்பது. அதில் இருக்கிற நம்ம ஊர்க் குரல்களைப் போனுக்கு மாற்றிப் பத்திரப்படுத்துவது. இந்த மாதம் நிறையப் பேர் மஞ்சப்பையில் கட்டிக்கொண்டு வந்திருக்கீங்க. ரொம்ப சந்தோஷம்.

ஆனால் பையைப் பிரித்ததும் ஒருத்தரும் கேசட்டைத் தூக்கிப் பெட்டியில் போட்டுவிடாதீங்க. இன்றைக்கு நான் பேச வந்ததே அதற்காகத்தான். பத்து வருஷம், பதினைந்து வருஷம் ஓடாத டேப் ரெக்கார்டரைத் துடைக்காமல் ஓட்டினால், அது பாடாது, நாடாவைத் தின்னும். தின்றது அம்மாவுடைய குரலாக இருந்தால் எந்தக் கடையில் போய் வாங்குவது?

இதில் அப்படி என்னதான் இருக்கு?

"எல்லாம்தான் போனிலேயே வருதே, இந்தப் பழைய பெட்டி எதுக்கு?" என்று ஒரு தங்கச்சி கேட்டாள். நியாயமான கேள்விதான். சினிமாப் பாட்டு கேட்க இந்தப் பெட்டி வேண்டியதில்லை, அது எங்கே தேடினாலும் கிடைக்கும். கிடைக்காதது வேற.

கேசட் என்கிற பொருளை 1963-இல் பெர்லினில் நடந்த கண்காட்சியில் பிலிப்ஸ் கம்பெனி அறிமுகப்படுத்தியது. அடுத்த இருபது வருஷத்துக்குள் அது நம்ம கிராமத்து டீக்கடை வரைக்கும் வந்துவிட்டது. கல்யாண வீட்டிலும் கோயில் கொடையிலும் அதுதான் பாடியது. எழுதப் படிக்கத் தெரியாத நம்ம பெரியவங்களுக்கு அது கடுதாசியாகவும் இருந்தது. வளைகுடா நாட்டுக்கு வேலைக்குப் போன மகனுக்கு அம்மா பேசி அனுப்பின கேசட்டும், அவன் அங்கேயிருந்து பேசி அனுப்பின கேசட்டும் இன்னும் சில வீட்டில் இருக்கு.

1990-களில் அறிவொளி இயக்கம் வந்தபோது எழுத்தோடு பாட்டும் வந்தது. 1989-இல் தர்மபுரியில் ஆரம்பித்த சுய உதவிக் குழு முயற்சி, 1997-க்குப் பிறகு மகளிர் திட்டமாகத் தமிழ்நாடு முழுக்கப் பரவியது. அந்தக் காலத்துப் பயிற்சிகளில் பாடின பாட்டையும் பேசின பேச்சையும் பதிந்து வைத்தவங்க இருக்காங்க. நடவுப் பாட்டு, தாலாட்டு, கும்மி, ஒப்பாரி என்று கிழவிங்க பாடினதை விளையாட்டாகப் பதிந்து வைத்தவங்களும் உண்டு. பாடினவங்களில் பலர் இன்றைக்கு நம்மகூட இல்லை. அந்தக் குரலுக்கு வேற பிரதி கிடையாது. ஒரே ஒரு நாடாதான். ஒரே ஒரு தடவை தப்பாக ஓட்டினாலும் போச்சு. அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

பெட்டிக்குள் என்ன நடக்குது?

துடைக்கணும்னா எதைத் துடைக்கிறோம் என்று தெரியணும் இல்லீங்களா? மூடியைத் திறந்து பாருங்க. நாலு சாமான் இருக்கும்.

ஒன்று, ஹெட்டு. நடுவில் பளபளவென்று இருக்கிற சின்ன உலோகக் கட்டை. நாடாவில் இருக்கிற சத்தத்தைப் படிப்பதும், புதுசாகப் பதிவதும் இதுதான்.

இரண்டு, அதற்குப் பக்கத்தில் இன்னொரு சின்ன ஹெட்டு. புதுசாகப் பதியும்போது பழையதை அழிக்கிறது இதனுடைய வேலை.

மூன்று, ஊசி மாதிரி நிற்கிற மெல்லிய உருக்குக் கம்பி. இது ஒரே சீராகச் சுற்றும்.

நான்கு, அந்தக் கம்பியை ஒட்டி வந்து அழுத்துகிற கறுப்பு ரப்பர் உருளை. கரும்பு ஆலையில் இரண்டு உருளைக்கு நடுவில் கரும்பு போகிற மாதிரி, கம்பிக்கும் ரப்பருக்கும் நடுவில் நாடா இழுபட்டுப் போகும்.

நாடா என்பது மெல்லிய பிளாஸ்டிக். அதன் மேல் இரும்புத் துரு மாதிரியான பழுப்புப் பொடியைப் பூசியிருப்பாங்க. அந்தப் பொடியில்தான் குரல் காந்தமாகப் பதிந்திருக்கு. நாடா ஒரு விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓடும். கணக்குப் போட்டால் ஒரு மணி நேரத்துக்கு 171 மீட்டர். நம்ம சேலை ஐந்தரை மீட்டர் என்று வைத்தால், ஒரு மணி நேரத்தில் 31 சேலை நீளம் அந்தச் சின்ன ஹெட்டு மேலே உரசிக்கொண்டு போகுது. உரசும்போது கொஞ்சம் கொஞ்சமாகப் பொடி உதிரும். அடுப்புப் புகையும் செம்மண் தூசியும் அதோடு சேரும். ஹெட்டு மேலே படிந்தால் சத்தம் தலையணைக்குள்ளே பேசுகிற மாதிரி அமுங்கும். ரப்பர் உருளையில் படிந்தால் அது வழுக்கும், இல்லாவிட்டால் ஒட்டும். ஒட்டினால் நாடா வெளியே போகாமல் உருளையையே சுற்றிக்கொள்ளும். நாடாவைத் தின்னுது என்று நாம் சொல்வது இதைத்தான்.

என்னென்ன வேணும்?

பெரிய செலவு ஒன்றும் இல்லை. காது குடைகிற பட்ஸ் ஒரு பாக்கெட். நூல் பிரியாத பழைய பருத்தித் துணி கொஞ்சம். ஐசோப்ரொபைல் ஆல்கஹால் ஒரு சின்ன பாட்டில். செல்போன் ரிப்பேர் கடையில் ஐ.பி.ஏ. என்று கேட்டால் தெரியும், போனைத் திறந்து துடைப்பதும் அவங்க இதில்தான். காய்ந்த சின்ன பிரஷ் ஒன்று, தூசி தட்ட.

எது கூடாது என்பதையும் கேட்டுக்கோங்க. மண்ணெண்ணெய், பெட்ரோல், தின்னர், நகப்பூச்சு அழிக்கிற திரவம் இவையெல்லாம் பிளாஸ்டிக்கையும் ரப்பரையும் கெடுத்துவிடும். கொரோனா காலத்தில் வாங்கி மிச்சம் வைத்திருக்கிற சானிடைசரும் வேண்டாம். கை காயாமல் இருக்க அதில் கிளிசரின் மாதிரி பிசுக்கு சேர்த்திருப்பாங்க, அது ஹெட்டில் ஒட்டும். தேங்காய் எண்ணெய், தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டுக்கூட உருளைப் பக்கம் போகக் கூடாது. ஊசி, ஹேர்பின், கத்தி முனையால் அழுக்கைச் சுரண்டவே கூடாது. ஹெட்டில் ஒரு கீறல் விழுந்தால், அது ஓடுகிற எல்லா நாடாவையும் கீறும்.

ஆல்கஹால் சட்டென்று தீப்பிடிக்கிற பொருள். அடுப்பு, சாமி விளக்கு, ஊதுபத்தி பக்கத்தில் வைத்து வேலை செய்யாதீங்க. ஜன்னலைத் திறந்து வையுங்க. பாட்டிலைப் பிள்ளைங்க கைக்கு எட்டாமல் வையுங்க.

துடைக்கிற முறை

1. கரண்ட் வயரைப் பிடுங்குங்க. பேட்டரியையும் வெளியே எடுங்க. கேசட் உள்ளே இருக்கக் கூடாது.

2. பிரஷ்ஷால் உள்ளே இருக்கிற தூசியைத் தட்டி எடுங்க. வாயால் ஊதாதீங்க, எச்சில் ஈரம் போகும்.

3. மூடியைத் திறந்தபடியே பிளே பட்டனை அழுத்துங்க. கரண்ட் இல்லாவிட்டாலும் பெரும்பாலான பழைய பெட்டிகளில் ஹெட்டு முன்னால் வந்து நிற்கும். துடைக்க வசதியாக இருக்கும்.

4. பட்ஸை ஆல்கஹாலில் தொட்டு எடுங்க. சொட்டக் கூடாது, நனைந்திருந்தால் போதும். இரண்டு ஹெட்டுகளையும் மெதுவாகத் துடையுங்க. பட்ஸில் பழுப்பாக அழுக்கு வரும். அதே பட்ஸால் திரும்பத் தேய்த்தால் அழுக்கை அழுக்கால் துடைக்கிற கதைதான். புது முனை எடுங்க. வெள்ளையாக வருகிற வரைக்கும் துடைக்கணும்.

5. உருக்குக் கம்பியைச் சுற்றி அதே மாதிரி துடையுங்க. அழுக்கு அங்கே வளையம் மாதிரி கட்டியிருக்கும்.

6. இப்போது ஸ்டாப் அழுத்துங்க, உருளை விடுபடும். ரப்பர் உருளைக்கு ஆல்கஹாலை அடிக்கடி போட்டால் ரப்பர் வறண்டு வெடிக்கும். சுத்தமான தண்ணீரில் ஒரு சொட்டு சோப்பு கலந்து, பட்ஸை நனைத்துப் பிழிந்து, உருளையை விரலால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றிச் சுற்றித் துடையுங்க. பிறகு வெறும் தண்ணீர் தொட்ட பட்ஸ், கடைசியில் காய்ந்த பட்ஸ். மோட்டார் ஓடும்போது உள்ளே பட்ஸை விடாதீங்க, பஞ்சை இழுத்துக்கொள்ளும்.

7. கால் மணி நேரம் காயவிடுங்க. அவசரமே வேண்டாம்.

8. முதலில் போடுவது போனால் போகட்டும் என்கிற கேசட்டாக இருக்கணும். பழைய சினிமாப் பாட்டுக் கேசட் ஒன்றை ஐந்து நிமிஷம் ஓட்டிப் பாருங்க. ஸ்டாப் அழுத்தி எடுத்து, நாடாவில் சுருக்கம், கீறல் இருக்கா என்று வெளிச்சத்தில் பாருங்க. எல்லாம் சரி என்றால் மட்டும்தான் உங்க பொக்கிஷத்தைப் போடணும்.

அதன் பிறகு பத்து மணி நேரம் ஓடினதும் ஒரு தடவை துடைத்தால் போதும். நாம் இப்போது ஓட்டப் போவதோ எல்லாமே பழைய நாடா, பொடி அதிகமாக உதிரும். அதனால் ஒவ்வொரு கேசட் முடிந்ததும் ஹெட்டைப் பாருங்க, அழுக்கு இருந்தால் துடையுங்க.

பேட்டரிப் பெட்டியும் பெல்ட்டும்

பழைய பெட்டி ஓடவில்லை என்றால் பாதி இடங்களில் காரணம் பேட்டரிக் கட்டைதான். எடுக்க மறந்து வருஷக்கணக்கில் கிடந்து, கசிந்து, ஸ்பிரிங்கில் பொடி பூத்திருக்கும். வெறுங்கையால் தொடாதீங்க, கையில் பிளாஸ்டிக் உறை போட்டுக்கோங்க. காய்ந்த பொடியைப் பழைய பல் பிரஷ்ஷால் ஒரு பேப்பரில் தட்டி எடுங்க. அந்த பேட்டரி சாதாரண வகை என்றால் ஆப்பசோடாவைக் கொஞ்சம் தண்ணீரில் குழைத்துத் தொட்டுத் துடையுங்க. அல்கலைன் என்று எழுதியிருந்தால் சோடா வேண்டாம், எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு போதும். பிறகு ஈரத் துணி, அதற்கப்புறம் ஆல்கஹால் தொட்ட பட்ஸ், அதற்கப்புறம் நன்றாகக் காயணும். புதுக் கட்டையோடு பழைய கட்டையைக் கலந்து போடாதீங்க. வேலை முடிந்ததும் கட்டையை வெளியே எடுத்து வைத்துவிடணும்.

கரண்டில் ஓட்டுகிறவங்க அடாப்டர் போடும்போது பெட்டியின் பின்பக்கம் எழுதியிருக்கிற வோல்ட்டைப் பாருங்க. நாலு கட்டை போடுகிற பெட்டிக்கு 6 வோல்ட். பிளஸ், மைனஸ் எந்தப் பக்கம் என்றும் படம் போட்டிருக்கும். கையில் கிடைத்த சார்ஜரைச் சொருகினால் பெட்டி புகைந்துவிடும்.

துடைத்த பிறகும் பாட்டு இழுத்து இழுத்துப் பாடினால், உள்ளே இருக்கிற ரப்பர் பெல்ட் தளர்ந்திருக்கும். சில பெட்டிகளில் அது தார் மாதிரி உருகி ஒட்டிக் கிடக்கும். அதை நாம் நோண்ட வேண்டாம். ரேடியோ, டிவி ரிப்பேர் பார்க்கிற பழைய மெக்கானிக் யாராவது பக்கத்து டவுனில் இருப்பார், அவரிடம் பெல்ட் மாற்றிக்கொள்ளலாம். இழுத்துப் பாடுகிற பெட்டியில் ஓட்டிப் பதிந்தால், அம்மா குரல் வேற யாரோ குரல் மாதிரிதான் பதியும்.

கேசட்டுக்கு முதலுதவி

பெட்டி தயார். இனி கேசட்.

முதல் வேலை, அழியாமல் காப்பது. கேசட்டின் பின் விளிம்பில், அதாவது நாடா தெரிகிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில், இரண்டு ஓரத்திலும் சின்ன பிளாஸ்டிக் பல் ஒன்று இருக்கும். அதை உடைத்துவிட்டால் ரெக்கார்டு பட்டன் அமுங்காது. ஏ பக்கம் உங்களைப் பார்த்து, நாடா கீழே இருக்கிற மாதிரி பிடித்தால், இடது ஓரத்துப் பல் ஏ பக்கத்துக்கு. வலது ஓரத்தது பி பக்கத்துக்கு. இரண்டையும் உடைத்துவிடுங்க. ஏற்கனவே உடைத்து, அந்த ஓட்டையின் மேல் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால், ஸ்டிக்கரை உரித்துவிடுங்க. பேரப்பிள்ளை விளையாட்டாகச் சிவப்புப் பட்டனை அமுக்கினால் அமுக்கின அந்த நிமிஷமே பாட்டியின் பாட்டு அழியும். பிறகு அழுது பயனில்லை. இந்த ஒன்றை மட்டும் இன்றைக்கே வீட்டுக்குப் போனதும் செய்யுங்க.

இரண்டாவது, நாடா மேலே வெள்ளையாகப் பூஞ்சை பூத்திருக்கா என்று சின்ன ஜன்னல் வழியாகப் பாருங்க. பூத்திருந்தால் அதை நம்ம பெட்டியில் போடவே கூடாது. ஒரு கேசட்டில் இருக்கிற பூஞ்சை ஹெட்டு வழியாக எல்லாக் கேசட்டுக்கும் ஒட்டும். அதைத் தனி கவரில் போட்டு, பெயர் எழுதித் தாங்க. தெரிந்தவங்களிடம் கொடுத்துப் பார்ப்போம்.

மூன்றாவது, நாடா தொளதொளவென்று தொங்கினால் ஒரு பேனாவையோ பென்சிலையோ ஓட்டையில் விட்டு மெதுவாகச் சுற்றி இறுக்குங்க. பல வருஷமாக ஓடாத கேசட்டை உடனே பிளே செய்யாதீங்க. கடைசி வரைக்கும் ஒரு தடவை சுற்றி, திரும்பவும் முன்னால் சுற்றினால் ஒட்டியிருக்கிற நாடா பிரியும். கீச்சென்று சத்தம் வந்தாலோ திணறினாலோ நிறுத்திவிடுங்க.

நான்காவது, ஓடும்போது நாடா சிக்கினால் பதறி இழுக்காதீங்க. ஸ்டாப் அழுத்தி, கரண்டை நிறுத்தி, உருளையை விரலால் பின்பக்கமாகச் சுற்றி நாடாவை விடுவித்து எடுங்க. சுருங்கின இடத்தை விரலால் தடவி நீவிவிட்டு, பேனாவால் உள்ளே சுற்றுங்க. அறுந்துபோனால் சாதாரண செல்லோ டேப் ஒட்டாதீங்க. அந்தப் பசை கசிந்து பக்கத்துச் சுற்றோடு ஒட்டும், ஹெட்டிலும் ஒட்டும். அறுந்த இரண்டு முனையும் உள்ளே போகாமல் பார்த்து, அப்படியே கொண்டு வாங்க.

போனுக்கு மாற்றும்போது

கம்ப்யூட்டர் வைத்திருக்கிற ஸ்டுடியோவில் டேப் ரெக்கார்டரின் இயர்போன் ஓட்டையிலிருந்து வயர் போட்டு மாற்றினால் சத்தம் தெளிவாக வரும். அதற்கு வழியில்லை என்றாலும் பரவாயில்லை. மிக்சி, ஃபேன், கோழிச் சத்தம் இல்லாத அறையில், ஸ்பீக்கருக்கு ஒரு முழ தூரத்தில் போனை வைத்துப் பதியலாம். போனை ஏரோபிளேன் மோடில் போடுங்க, நடுவில் கால் வராது. பாட்டுக்கு நடுவில் வருகிற இருமலையும் பேச்சையும் வெட்டாதீங்க. அதுவும் அவங்கதான்.

பதிந்ததும் யார் குரல், எந்த ஊர், ஏறக்குறைய எந்த வருஷம், என்ன பாட்டு என்று எழுதி வையுங்க. போன் தொலைந்தால் எல்லாம் தொலையும், அதனால் பதிவு மூன்று இடத்தில் இருக்கணும்: உங்க போனில், ஒரு மெமரி கார்டில், கூட்டமைப்பு அலுவலகக் கம்ப்யூட்டரில்.

இன்னொன்று. ஒப்பாரி என்பது ஒரு வீட்டுத் துக்கம். கடுதாசிக் கேசட் என்பது ஒரு குடும்பத்து ரகசியம். வீட்டுக்காரங்களைக் கேட்காமல் வாட்ஸ்அப்பில் யாரும் சுற்றவிடக் கூடாது. குழுக் கணக்கை வெளியாளிடம் சொல்லாத மாதிரிதான் இதுவும்.

மாற்றியாச்சு என்று கேசட்டைத் தூக்கி எறியாதீங்க. முழுசாகச் சுற்றி, டப்பாவில் போட்டு, புத்தகம் மாதிரி நிற்க வையுங்க. வெயில், ஈரம், அடுப்பு, ஸ்பீக்கர் காந்தம் பக்கத்தில் வேண்டாம். பாச்சை உருண்டை போடாதீங்க, பிளாஸ்டிக்கைக் கெடுக்கும். செருப்பு, பை வாங்கும்போது வருகிற ஈரம் உறிஞ்சுகிற சின்னப் பொட்டலத்தை வேண்டுமானால் கூடவே வைக்கலாம்.

பெட்டி பொதுச் சொத்து

நம்மிடம் ஓடுகிற பெட்டி இரண்டுதான் இருக்கு, குழுக்களோ நிறைய. அதனால் ஒரு பதிவேடு போடுவோம். எந்தக் குழு, எந்தத் தேதியில் எடுத்தது, எத்தனை மணி நேரம் ஓடியது, துடைத்தது யார், பேட்டரியை வெளியே எடுத்தாச்சா என்று ஐந்து கட்டம். கையெழுத்துப் போட்டு வாங்கணும், கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுக்கணும். தவணை தவறாமல் கடன் கட்டுகிற நமக்கு இது பெரிய காரியமா?

ஒவ்வொரு குழுவிலிருந்தும் இரண்டு பேர் வாங்க. ஒருத்தர் வயசுப் பிள்ளையாகவும் ஒருத்தர் பெரியவங்களாகவும் இருந்தால் நல்லது. சின்னவளுக்குப் போன் தெரியும், பெரியவங்களுக்கு அந்தக் குரல் யாருடையது என்று தெரியும். இரண்டும் சேர்ந்தால்தான் வேலை நடக்கும். அடுத்த கூட்டத்தில் எல்லாரும் அவரவர் கையாலேயே ஒரு தடவை ஹெட்டைத் துடைத்துப் பழகணும். பட்ஸ் பாக்கெட்டும் ஐ.பி.ஏ. பாட்டிலும் கூட்டமைப்புச் செலவில் வாங்கி வைக்கிறோம். உங்க கேசட்டை நீங்க கொண்டு வாங்க, பல்லை உடைத்துவிட்டு.